பாக்கி உள்ள படகு எது? ஃபில்டரோடு எட்டு வருடப் பழக்கம்

கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளுக்குக் கடனில் ஐஸ் கொடுக்கும் மாமாவின் கம்பெனிக்கு 2016-லிருந்து நான்தான் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் எல்லாம் பேரேடுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஓடு பறந்து பாதிப் பேரேடு நனைந்து போனதிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் எக்செல், ஏர்டேபிள் (இணையத்தில் இயங்கும் டேட்டாபேஸ்), இப்போது எஸ்கியூலைட் (கேள்வியை நாமே கட்டளையாக எழுதிக் கேட்கும் டேட்டாபேஸ்) என்று மூன்று இடம் மாறியாகிவிட்டது. மூன்றிலும் என்னை மிகவும் படுத்திய விஷயம் ஒன்றே ஒன்று: பாக்கி உள்ள படகை ஃபில்டர் போட்டுச் சரியாக எடுப்பது. அதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது படகு, பில், வரவு என்று மூன்று டேபிள். ஒரு படகுக்குப் பல பில், பல வரவு. படகோடு ஊர் இருக்கும்: தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, ராசாப்பேட்டை என்று. மாமா கேட்பது எப்போதும் இப்படித்தான்: "மூணு மாசத்துக்கு மேல ஒரு பில்லாவது நிக்கிற படகு எதெது, ஊர் வாரியா எடு. அந்தப் படகோட முழுக் கணக்கும் எனக்கு வேணும்."

கேட்க எளிது. ஆனால் எக்செல்லில் நிலை என்ற நெடுவரிசையில் 'பாக்கி' என்று ஃபில்டர் போட்டால் என்ன ஆகிறது? பாக்கி பில் மட்டும் நிற்கும், கட்டி முடித்த பில் எல்லாம் மறைந்துவிடும். கீழே சப்டோட்டல் வைத்திருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டுமே கூட்டும், அதன் வேலையே அதுதான். முதல் வருடம் அப்படி எடுத்த தாளோடு சோனங்குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் போனேன். தாளில் அவர் படகுக்கு மொத்தம் 11,200 என்று இருந்தது, எல்லாமே பாக்கி. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வருஷம் நான் எடுத்ததே இவ்வளவுதானா? கட்டினதெல்லாம் எங்க போச்சு?" என்றார். திரும்பி வந்து பார்த்தால் 14 பில், 86,400 ரூபாய்க்கு ஐஸ் எடுத்து 12 பில்லை ஒழுங்காகக் கட்டிய மனிதர். அவரை நான் கடன்காரராக மட்டும் காட்டியிருக்கிறேன். அது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: ஃபில்டர் ஒவ்வொரு வரியாகத்தான் கேள்வி கேட்கும், நம்முடைய கேள்வியோ படகைப் பற்றியது. அதனால் படகின் பதிலை ஒவ்வொரு வரியிலும் முதலில் எழுதி வைக்க வேண்டும். எக்செல்லில் பில் டேபிளிலேயே கூடுதலாக ஒரு நெடுவரிசை போட்டு, கவுண்ட்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை எண்ணும் ஃபார்முலா) வைத்து 'இந்தப் படகுக்கு மூன்று மாதம் தாண்டிய பாக்கி பில் எத்தனை' என்று எண்ண வைத்தேன். அந்த எண் பூஜ்யத்துக்கு மேல் என்று ஃபில்டர் போட்டால் படகின் 14 பில்லும் அப்படியே நிற்கும், மொத்தமும் சரியாக வரும். எக்செல்லிலேயே இருப்பவர்களுக்கு இதுவே போதும் என்பேன். என்ன, வரிகள் ஆயிரக்கணக்கில் ஏறினால் ஷீட் திணற ஆரம்பிக்கும்.

ஏர்டேபிளில் இந்த வேலை சுத்தமாக நடந்தது. படகையும் பில்லையும் இணைத்துவிட்டால், படகு டேபிளில் ரோல்அப் வைத்து நிபந்தனையோடு எண்ணலாம், அந்த எண்ணை லுக்அப் மூலம் மறுபடி பில் டேபிளுக்கு இறக்கலாம், அதில் ஃபில்டர், அப்புறம் படகு வாரியாக குரூப். மாமாவே போனில் பார்க்கப் பழகிவிட்டார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அண்ணன் தம்பி இருவர் தங்கள் இரண்டு படகுக்கும் சேர்த்து ஒரே பில்லில் ஐஸ் எடுப்பார்கள், அந்த பில்லில் இரண்டு படகையும் இணைத்தால் அது இரண்டு குரூப்பிலும் வராது, இரண்டு பெயரும் சேர்ந்த மூன்றாவது குரூப்பாகத் தனியே நிற்கும். நாங்கள் பில்லையே இரண்டாகப் பிரித்துப் போட ஆரம்பித்தோம். இலவசக் கணக்கில் அப்போது ஒரு பேஸுக்கு (ஒரு முழு டேட்டாபேஸுக்கு) 1,200 பதிவுதான், ஐஸ் வியாபாரத்தில் அது எத்தனை நாளைக்கு வரும்? 2022-ல் எஸ்கியூலைட்டுக்கு வந்தோம்.

இங்கே சுதந்திரம் அதிகம், சறுக்குகிற இடமும் அதிகம். படகு, பில், வரவு மூன்றையும் ஒரே ஜாயினில் (டேபிள்களை இணைக்கும் கட்டளை) கோர்த்துக் கூட்டினால் கணக்கு ஊதிவிடும். 3 பில், 2 வரவு உள்ள படகுக்கு 6 வரி வரும், பில் தொகை இரட்டிப்பாகும், வரவு மூன்று மடங்காகும். பில்லைத் தனியாகவும் வரவைத் தனியாகவும் படகு வாரியாகக் கூட்டிவிட்டு அதற்கப்புறம்தான் சேர்க்க வேண்டும். பாக்கி உள்ள படகைப் பிடிக்க ஜாயின் வேண்டாம், எக்ஸிஸ்ட்ஸ் போதும். அப்படி ஒரு பில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும், வரியைப் பெருக்காது.

இதைவிடக் கடினம் இல்லாததைத் தேடுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. தடை முடிந்து இரண்டு வாரம் ஆனதும் மாமா கேட்பார், "இன்னும் ஒரு தடவைகூட ஐஸ் எடுக்காத படகு எது?" எடுக்காத படகுக்கு பில் வரியே கிடையாது, பில் டேபிளில் எவ்வளவு ஃபில்டர் போட்டாலும் அது வராது. படகு டேபிளிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் முதலில் நாட் இன் ('இந்தப் பட்டியலில் இல்லாதது' என்று கேட்கும் நிபந்தனை) வைத்து எழுதினேன், ஒரு படகும் வரவில்லை. சரி, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் என்னவென்றால் ஜூஸ் கடைக்குச் சில்லறையில் கொடுத்த ஐஸ் பில்லில் படகு எண் காலியாக இருந்தது. நாட் இன் பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் (காலி மதிப்பு) இருந்தாலும் ஒரு வரியும் வராது, பிழைச் செய்தியும் வராது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றியதும் ஐந்து படகு வந்தது. அதில் இரண்டு எஞ்சின் இறக்கி வைத்த படகு, ஒன்றில் படகுக்காரருக்கு உடம்பு சரியில்லை. மாமா அன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இப்போது எஸ்கியூலைட்டில் ஒரே ஒரு வியூ (டேபிள் போலவே தெரியும் சேமித்த கேள்வி) வைத்திருக்கிறேன்: படகு, ஊர், மொத்த பில், மொத்த வரவு, பழைய பாக்கி எண்ணிக்கை, கடைசியாக ஐஸ் எடுத்த தேதி. படகுக்கு ஒரு வரி. ஊர் வாரியாக அடுக்கி, எந்த ஃபில்டர் போட்டாலும் இந்த வியூ மேல்தான் போடுவேன். வசூலுக்குக் கொண்டுபோகும் தாளில் கட்டிய தொகை முதலில், பாக்கி அதற்குக் கீழே.