ஜெட்டை மாற்றுவதா, கார்பையே மாற்றுவதா?

கார்பு (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்) வைத்த பழைய ஸ்போர்ட் ஏடிவி, அதாவது மணலிலும் மண்ணிலும் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, ஒன்றை வாங்குகிறோம். முந்தைய ஓனர் புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீஃப்ளோ சைலன்சர் மாட்டியிருக்கிறார், கார்புக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளை ஜெட்டைத் தொடவே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் பட் பட்டென்று வெடிக்கும். பாதி திறக்கும்போது ஒரு நொடி தயங்கும். கொஞ்ச நேரம் விரட்டினால் பெண்டு பைப் சிவந்துபோகும். லீன் ஓட்டம்தான், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை, சந்தேகமே வேண்டாம். கேள்வி அதற்கப்புறம் வருகிறது: இருக்கிற கார்பிலேயே ஜெட் மாற்றுவதா, நல்ல கார்பு வாங்கி மாட்டுவதா, ஆன்லைனில் மலிவாக வரும் காப்பி கார்பைப் போட்டு முடித்துவிடுவதா?

என்னிடம் இருப்பது சுசுகி எல்டி-இசட்400. 398 சிசி, மிக்குனி பிஎஸ்ஆர்36 கார்பு. 2009 மாடலில் இருந்து இது இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டது, ஆகவே இந்தப் பேச்சு அதற்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும். கடலூர் பக்கம் சவுக்குத் தோப்பு மணலிலும் பண்ருட்டி முந்திரித் தோப்புச் செம்மண்ணிலும்தான் ஓட்டம். ரோட்டில் ஓட்டும் வண்டி அல்ல என்பதால் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோவேன். நான் ஜெட்டை மட்டும் மாற்றினேன், வீட்டிலேயே. எனவே கீழே வருவது நடுநிலையான தீர்ப்பு இல்லை.

காப்பி கார்பை முதலில் ஒதுக்கிவிடலாம். வெளிப் பார்வைக்கு அச்சு அசல் அதேதான். உள்ளே ஜெட்டில் அடித்திருக்கும் எண்ணுக்கும் ஓட்டையின் அளவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நம்ப முடியாது. எண்ணையே நம்ப முடியாதபோது எதை வைத்து ஒரு சைஸ் ஏற்றுவது, இறக்குவது? அசல் கார்பின் பாடி வெடித்துப்போய் வேறு வழியே இல்லை என்றால் வாங்கலாம். அப்போதும் உள்ளே இருக்கும் ஜெட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு அசல் மிக்குனி ஜெட் போடுங்கள்.

உண்மையான போட்டி கெய்ஹின் கம்பெனியின் எஃப்சிஆர்39 கார்புடன்தான். இதே குடும்பத்து இன்ஜினை வைத்த டிஆர்-இசட்400 பைக்கில், எஸ் மாடலுக்கு பிஎஸ்ஆரும் இ மாடலுக்கு எஃப்சிஆரும் சுசுகியே கொடுத்தது. அதனால் இது யாரோ கிளப்பிவிட்ட ஆசை இல்லை. பிஎஸ்ஆரில் நாம் திருப்புவது பட்டர்ஃப்ளை என்னும் தகட்டை மட்டும். காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு வேக்குவத்துக்குத் தக்கபடி தானாக ஏறும். எஃப்சிஆரில் கேபிள் நேராக ஸ்லைடையே தூக்கும், கூடவே ஒரு பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும். கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் முன்சக்கரம் எழும் அந்த உடனடித்தன்மை பிஎஸ்ஆரில் வராது. நண்பரின் யமஹா ஒய்எஃப்இசட்450 ஏடிவியில் எஃப்சிஆரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், கை அரித்தது உண்மை. ஆனால் அது வேறு இன்ஜின் என்பதால் வித்தியாசத்தில் கார்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் துணிய மாட்டேன்.

விலையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜெட் என்பது சில நூறு ரூபாய் சமாச்சாரம். எஃப்சிஆர் பல ஆயிரங்கள், சுங்கம் தனி. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: எஃப்சிஆர் வாங்கினாலும் ஜெட்டிங் வேலை போகாது. நம் சைலன்சருக்கும் நம் ஊர்க் காற்றுக்கும் அதையும் திறந்து ஜெட் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் நான் முடிவெடுத்தது பணத்தை வைத்து இல்லை, பராமரிப்பை வைத்து. இங்கே அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போய்ப் புதுச்சேரியில் நிரப்பினால் விலை குறையும், எத்தனால் குறையாது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோர ஈரத்தைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோப்பு சேறாகிவிடும், வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். கார்பின் அடிக் கிண்ணமான பவுலில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கெட்டு, பித்தளை பச்சை பூத்து, முதலில் அடைவது சிறு திறப்புக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட். அதன் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை இறக்கினால் அணைந்துவிடும். இந்த நோய் எந்த கார்புக்கும் வரும். அதாவது, எதை மாட்டினாலும் வருஷத்தில் சில முறை அதைத் திறந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் அடிக்கடி திறக்க எது தோது என்பதுதான் கேள்வி. பிஎஸ்ஆரில் பவுலைக் கழற்றினால் மெயின் ஜெட், பைலட் ஜெட், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட், நீடில் வால்வு, அவ்வளவுதான். மேல்மூடியைத் திறந்தால் ஸ்லைடும் அதைத் தூக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரமும். டயஃப்ரத்தில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு சரியாக ஏறாது, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அதன்மேல் படவே கூடாது. ஸ்லைடு கைடின் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்சிஆரில் இவற்றோடு ஆக்சிலேட்டர் பம்ப் டயஃப்ரம், பம்ப் லிங்கேஜ், ஸ்லைடு ஓடும் சின்ன ரோலர்கள் எல்லாம் சேரும். ஃபில்டரைத் தாண்டி வரும் பொடிமணலுக்கு அந்த ரோலர்கள் நல்ல தீனி. பம்ப் பீய்ச்சும் நேரம் கொஞ்சம் தப்பினாலும் மறுபடி தயக்கம். ரேஸுக்குப் போகிறவர் ஒவ்வொரு வாரமும் கார்பைத் துடைப்பார், அவருக்குச் சரி. தோப்பில் ஓட்டிவிட்டு மழைக்கு மூடி வைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது வீட்டில் யானை கட்டுவதுதான்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதும் ஒரு வழி. ஆர்எக்ஸ்100 கார்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் கைகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையவே உண்டு. ஆனால் ஜெட் கிடைக்காவிட்டால் இருக்கிற ஜெட்டையே கம்பி விட்டுப் பெரிதாக்கும் வழக்கமும் அந்தப் பட்டறைகளில் உண்டு. ஒருமுறை கம்பி போன ஜெட்டின் எண்ணுக்கு அப்புறம் அர்த்தமே இல்லை. கொடுப்பதானால் ஜெட்டை நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள். மிக்குனியின் எண்ணும் கெய்ஹினின் எண்ணும் வேறு வேறு கணக்கு, ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் செய்வது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. பெட்ரோல் டேப்பை மூடி, பவுலை வடித்து, கிளாம்புகளைத் தளர்த்திக் கார்பைத் திருப்பினாலே அடிப்பக்கம் கைக்கு வரும். பவுல் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை மழுங்கும், ஜேஐஎஸ் பிட் வாங்குங்கள். ஜெட் பித்தளை, மென்மையானது, கை பொருந்தும் அளவு இறுக்கினால் போதும்.

எந்த ஜெட் எப்போது வேலை செய்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆக்சிலேட்டர் கால் பங்கு திறக்கும்வரை பைலட். கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின். ஆகவே ஆக்சிலேட்டரை விட்டதும் வெடிப்பதற்கு மெயினை ஏற்றிப் பயனில்லை. நான் பைலட்டை 22.5-இல் இருந்து 25 ஆக்கினேன். என் வண்டியின் ஊசியில் ஒரே பள்ளம்தான், கிளிப்பை மாற்ற வழியில்லை, மெல்லிய வாஷர் வைத்து உயர்த்தினேன். பாதித் திறப்பில் இருந்த தயக்கம் அதிலேயே போய்விட்டது. மெயினை மட்டும் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். மிக்குனி மெயின் 2.5 எண்ணுக்கு ஒரு சைஸாக வரும். பெரியதில் தொடங்கி, முழுத் திறப்பில் கொழகொழவென்று இழுப்பது தெளியும்வரை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் பத்திரம். ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடி ஓடினால் பிளக் கறுக்கும், லீனாக ஓடினால் பிஸ்டன் போகும்.

எத்தனாலை இங்கேயும் மறக்கக் கூடாது. ஒரு பங்கு சுத்த பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று, 20 சதவீத எத்தனால் கலந்த இ20-க்குச் சுமார் 13.5. அதனால் பழைய வண்டியின் கம்பெனி ஜெட்டே இப்போது லீன் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். சித்திரை வெயிலில் காற்று லேசாகி இதைக் கொஞ்சம் ஈடுகட்டும், மார்கழிக் காலையில் ஈடுகட்டாது. மார்கழிக்குச் சரியாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு, கொடைக்கானல் என்று மேலே கொண்டுபோனால் கதை தலைகீழ், அங்கே சின்ன ஜெட் வேண்டும். பிஎஸ்ஆரின் வேக்குவம் ஸ்லைடு இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தானே சமாளிக்கும். எஃப்சிஆர் அந்த அளவுக்குப் பொறுத்துப்போகாது.

பெரிய கேம்ஷாஃப்ட், உயர் கம்ப்ரஷன் பிஸ்டன் என்று இன்ஜினிலேயே கை வைத்துவிட்டவர் எஃப்சிஆர் வாங்கலாம், அங்கே என் வாதம் செல்லாது. சைலன்சர் மட்டும் மாறிய வண்டிக்கு 25 பைலட் ஒன்று, கம்பெனி (ஸ்டாக்) ஜெட்டுக்கு மேலே அடுத்தடுத்த மூன்று நான்கு மெயின்கள், ஒரு பவுல் கேஸ்கெட், இரண்டு புது பிளக் போதும். கழற்றிய ஸ்டாக் ஜெட்டை எண் எழுதிய கவரில் போட்டு வைத்திருங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் பழைய சைலன்சரோடு சேர்த்து அதையும் கேட்பார்.