பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் மூன்றையும் மாற்றினார்கள். கெட்டிருந்தது ஒரு எர்த் ஒயர்

காலையில் கார் செல்ஃப் எடுக்க இழுக்கிறது, பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். தஞ்சாவூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எங்களிடம் 24,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பேட்டரி, செல்ஃப் மோட்டார், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார்கள். எல்லாம் மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் வேறொருவர் கண்டுபிடித்தது, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான ஒரு எர்த் ஒயர். கூலியோடு சேர்த்து 600 ரூபாய்.

வண்டி பத்து வருஷம் ஓடிய டீசல் கார். அப்பாவை விடியற்காலையில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது அதில்தான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் 'உர்ர்… உர்ர்…' என்று பாரம் தூக்குகிற மாதிரி சுற்றி, அப்புறம்தான் பிடிக்கும். ராத்திரி ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டு ஓட்டியிருந்தால் மறுநாள் காலை இன்னும் மோசம். எங்கள் அவசரம் என்னவென்று ஒர்க்‌ஷாப்காரர்களிடம் சொல்லியிருந்தோம். அதையே அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் தடவை சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்தார், ஹாரனை அழுத்திப் பார்த்தார், "மேடம், பேட்டரியில செல் செத்துருச்சு" என்றார். மீட்டர் வைக்கவில்லை. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத பேட்டரி, வாரண்டி கார்டு இருக்கிறது என்று சொன்னேன். "க்ளெய்ம் பண்ண ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் வண்டி நிக்குமே. புதுசு போட்டுக்குங்க, க்ளெய்ம் நாங்க பாத்துக்கறோம்" என்று பழைய பேட்டரியையும் கார்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார். 6,800 ரூபாய். வண்டி கொஞ்ச நாள் நன்றாக எடுத்தது. திரும்ப இழுக்க ஆரம்பித்ததும் "செல்ஃப் மோட்டார்ல ஆர்மேச்சர் போயிருக்கு" என்றார்கள், 6,500. அதற்கப்புறம் "ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தல", 9,200. லேபர் தனியாக 1,500. பில் என்று கொடுத்தது லெட்டர் பேடில் கையால் எழுதிய ஒரு தாள். அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, பொருளின் கம்பெனி பெயரோ சீரியல் நம்பரோ இல்லை. பழைய செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கேட்டபோது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனிடம் போனோம். சின்ன ஷெட். அவர் எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியின் இரண்டு ஈயக் கம்பத்திலும் வைத்தார்: 12.6 வோல்ட். "பேட்டரி ஃபுல்லா இருக்கும்மா" என்றார். அப்புறம் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். "வந்து நீயே பாரு" என்று மீட்டரை என் பக்கம் திருப்பினார். 2.3 வோல்ட்.

நியாயமாக அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இரண்டும் எர்த்தான், நடுவில் ஒன்றும் இழக்கக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10.6-க்கு இறங்கியிருந்தது, அதில் எர்த் பாதையிலேயே 2.3 போய்விட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 8.3. எந்த மோட்டாரைப் புதிதாகப் போட்டாலும் அது சோம்பலாகத்தான் சுற்றும். சார்ஜும் அதே கதைதான். வண்டியை ஓட விட்டு, ஹெட்லைட், ஏ.சி., பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்த்தால் 14.3. பேட்டரியில் 13.4. ஆல்டர்னேட்டர் கரண்டைச் சரியாகத்தான் தயாரிக்கிறது, அது பேட்டரிக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதற்கு மின் தொடர்பு அந்த எர்த் ஒயர் வழியாகத்தான். செல்ஃப் எடுப்பதும் சார்ஜ் ஏறுவதும் இரண்டும் அதே ஒயரை நம்பியிருக்கின்றன. இரண்டு கோளாறும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமே அது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று அவர் இன்னொன்றும் செய்தார். ஜம்ப் ஸ்டார்ட் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினைத் தூக்குவதற்கான கொக்கியிலும் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். மாதக்கணக்காக நாங்கள் கேட்காத வேகத்தில் இன்ஜின் சுற்றி, தொட்டவுடன் பிடித்தது. இந்தச் சோதனைக்கு மீட்டரே தேவையில்லை. கேபிள் இருந்தால் யாரும் செய்யலாம்.

அந்த ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மேலே பார்க்க நல்ல கறுப்பு உறை, ஒரு கீறல்கூட இல்லை. பிளேடால் நுனியில் இரண்டு அங்குலம் உரித்ததும் செம்பு தெரியவில்லை. பச்சைப் பொடிதான் கொட்டியது. பாதிக்கு மேல் இழைகள் அற்றுப்போயிருந்தன. அது பாடியில் உட்காரும் போல்ட்டுக்கு அடியில் துரு. அவர் துருவைச் சுரண்டி, வெறும் இரும்பு வரத் தேய்த்து, தடிமனான புது ஒயர் போட்டு முடுக்கினார். திரும்ப அளந்தால் 2.3 இருந்த இடத்தில் 0.15. பேட்டரியில் 14.2.

"ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சேண்ணே, அது எப்படி?" என்று கேட்டேன். புதுப் பேட்டரி சார்ஜர் போட்டு முழுசாக வந்தது, அதனால் முதல் சில நாள் தம் பிடித்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றும்போது பக்கத்திலிருந்த எர்த் போல்ட்டும் அசைந்து தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்தது என்றார். வேலை முடிந்து இரண்டு நாள் நன்றாக ஓடுவதை வைத்து கோளாறு போய்விட்டது என்று யாரும் முடிவு செய்ய முடியாது. ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

'புதுசு' என்று 6,500 வாங்கிய செல்ஃப் மோட்டாரையும் அவர் டார்ச் அடித்துக் காட்டினார். வெள்ளிப் பெயிண்ட் போல்ட் தலை மேலும் சேர்த்து அடித்திருந்தது. போல்ட்டின் விளிம்பில் ஸ்பேனர் பட்ட பழைய தேய்மானம். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் பசை மட்டும். ரீகண்டிஷன் செய்ததைப் புதிதென்று விற்றிருக்கிறார்கள். ரீகண்டிஷன் மோட்டார் போடுவது தப்பில்லை. கார்பன் பிரஷ், புஷ் மாற்றினாலே பல மோட்டார்கள் வருஷக்கணக்கில் ஓடும். அதைச் சொல்லி, அதற்குரிய விலை வாங்க வேண்டும்.

எல்லா வண்டியிலும் எர்த் ஒயர்தான் காரணம் என்று சொல்லவில்லை. சத்தத்தைக் கவனியுங்கள். 'டகடகடக' என்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' கேட்டு அப்புறம் அமைதி என்றால் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்), பிரஷ் பக்கம் பார்க்க வேண்டும். மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ், அதாவது மோட்டாரை இன்ஜினோடு கோர்க்கும் பல்சக்கரம். டீசல் வண்டியில் இன்ஜின் வேகமாகச் சுற்றியும் குளிரில் பிடிக்கவில்லை என்றால் இன்ஜினுக்குள் சூடேற்றும் கிளோ பிளக்கைப் பாருங்கள், செல்ஃபை மாற்றி ஒன்றும் ஆகாது.

500 ரூபாய்க்குள் கிடைக்கிற மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி 12.4-க்கு மேல் இருந்தால் நல்லது, 12 என்றால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துவிடும். புதிய கார்கள் சிலவற்றில் மைலேஜுக்காக கம்ப்யூட்டரே சார்ஜை 13-க்குக் கீழே இறக்கும். அதைக் காட்டி ஆல்டர்னேட்டர் போச்சு என்று சொன்னால் ஹெட்லைட்டைப் போட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். நிறுத்தின வண்டியில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தால் கரண்ட் கசிவு. எல்லாம் அணைந்து வண்டி தூங்கின பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஜி.பி.எஸ்., கேமரா இவைதான் அடிக்கடி மாட்டும்.

எந்தப் பொருளையும் மாற்றச் சொன்னால், எந்த அளவைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த அளவைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பொருளை அன்றே கையில் வாங்குங்கள். பேட்டரி வாரண்டியில் இருந்தால் நீங்களே டீலரிடம் கொண்டுபோங்கள், அசல் கார்டை யாரிடமும் விடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய், அற்றுப்போன அந்த ஒயரை மேஜை மேல் வைத்துக் கேட்டேன். "அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம் மேடம்" என்றார் முதலாளி. பணம் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. லெட்டர் பேடு தாள் பலவீனமான ஆதாரம்தான், ஆனால் யு.பி.ஐ.யில் பணம் போன பதிவும் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய எஸ்டிமேட்டும் என்னிடம் இருக்கின்றன. பழைய பேட்டரியின் சீரியல் நம்பர் வாரண்டி கார்டில் இருப்பதால், அதன் பேரில் யாராவது ஏற்கெனவே க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்களா என்று பேட்டரி கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.