விலை ஏறும் முன்பே விற்பனை பேசும்: கார்டு விலைச் செயலியோடு என் அனுபவம்

போன வெள்ளிக்கிழமை மேஜிக் கார்டு ஆட்டம் முடிந்து கார்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஈசூனிலிருந்து வரும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, அந்த விலை பார்க்கிற செயலிக்கு நானும் சந்தா கட்டலாமா? இப்போ குறைச்சிருக்காங்களே.” கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதில் இதோ.

2024 தொடக்கத்திலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன். கார்டு விற்றுக் காசு பார்க்க இல்லை. மேஜிக்கில் பல ஆட்ட வகைகள் உண்டு, நான் ஆடுவது மாடர்ன் ஃபார்மட். அடுத்த வாரம் எதிரே உட்காருபவர் என்ன டெக் (ஆடுவதற்குச் சேர்த்த கார்டுக் கட்டு) கொண்டுவருவார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அது தெரியத்தான் செய்கிறது. 2024 ஜூனில் மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 என்ற புதுக் கார்டுத் தொகுப்பு வந்த சமயம் நினைவிருக்கிறதா? 2005-இல் அச்சான ஷூகோ என்ற ஆயுதக் கார்டை அதுவரை மாடர்னில் பெரும்பாலும் யாரும் சீண்டியதில்லை. திடீரென்று அது நான்கு நான்காக விற்க ஆரம்பித்தது. காரணம் புதிதாக வந்த நாடூ என்ற பறவைக் கார்டு. அது களத்தில் இருந்தால், நம் உயிரினம் ஒன்றைக் குறிவைத்தால் புதுக் கார்டு கிடைக்கும், ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு டர்னில் இரண்டு தடவை வரை. ஷூகோவை ஓர் உயிரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் செலவே கிடையாது, ஒவ்வொரு மாற்றமும் ஒரு குறிவைப்பு. அந்த மாதக் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த புரோ டூர் என்ற பெரிய போட்டியை நாடூ டெக்தான் வென்றது, ஆகஸ்ட் 26 அன்று மாடர்னில் நாடூவுக்குத் தடையும் வந்தது. எங்கள் கடையில் முதல் நாடூ டெக் இறங்கிய அன்று என் சைட்போர்டு (எதிராளியைப் பார்த்து ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகள்) தயாராக இருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

இந்த ‘நான்கு நான்காக’ என்பதைத்தான் பார்க்கவேண்டும். மாடர்ன் டெக்கில் ஒரே கார்டை நான்கு பிரதி வரை வைக்கலாம். கமாண்டர் என்ற இன்னொரு ஃபார்மட்டில் 100 கார்டு, ஆனால் அடிப்படை நிலக் கார்டுகளைத் தவிர பொதுவாக எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. ஆக, ஒற்றை ஒற்றையாக விற்றால் வாங்குபவர் பெரும்பாலும் கமாண்டர் ஆள். நான்காகப் போனால் யாரோ போட்டிக்குத் தயாராகிறார்.

என் எரிச்சலும் இங்கேதான். இந்தச் செயலி தினமும் அனுப்பும் பட்டியல் முழுக்க விலை ஏற்றச் சதவீதம். பத்து காசு கார்டு நாற்பது காசானால் முந்நூறு சதவீதம் என்று சிவப்பில் முதலிடம். விலை அசையாமல் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு விற்ற கார்டுக்குப் பட்டியலில் இடமே இல்லை. விலை என்பது கடைசியாக வரும் செய்தி. கடைக்காரர்களிடம் இருப்பு தீர்ந்த பிறகுதான் அது ஏறும். எத்தனை விற்றது என்ற எண்ணிக்கை செயலியில் இல்லாமலில்லை. கார்டைத் தொட்டு, வரைபடத்தைத் தாண்டி, இன்னொரு பக்கம் போய்த் தேட வேண்டும். மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் “கருத்துக்கு நன்றி” என்றுதான் பதில்.

போன வருடம் ஒரு கல்லறை கார்டு (கழிந்த கார்டுகளின் குவியலான ‘கல்லறை’யைப் பயன்படுத்தும் கார்டு) அந்தப் பட்டியலில் முதலில் வந்தது. வேலை முடிந்து பேருந்தில் பார்த்தேன், உள்ளே போய்ச் சரிபார்க்கவில்லை. 15 சைட்போர்டு இடங்களில் நான்கைக் கல்லறைத் தடுப்புக்கு ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூடக் கல்லறை டெக் ஆடவில்லை. மூன்றாம் சுற்றிலும் நான்காம் சுற்றிலும் தோற்றேன். அப்புறம் பார்த்தால் விற்றதெல்லாம் ஒற்றைப் பிரதிகள். தவறு என்னுடையதும்தான், ஆனால் அந்த எண்ணிக்கை முகப்பில் இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

நியாயமாகச் சொன்னால் நம் சிங்கப்பூர்க்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தக் கணக்கெல்லாம் அமெரிக்க விற்பனை. வெளிநாட்டில் ஆர்டர் போட்டால் அனுப்பும் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேரும், கார்டு கைக்கு வர இரண்டு மூன்று வாரமும் ஆகிவிடும். அங்கே இன்று விற்பது எங்கள் மேசைக்கு மெதுவாகத்தான் வருகிறது. அந்த இடைவெளி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இவ்வளவு நல்லதைச் சொன்னபிறகும், தம்பி, என் பதில்: கட்டாதே. டிசிஜிபிளேயர் என்ற அமெரிக்கக் கார்டு விற்பனைத் தளத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் அண்மை விற்பனையைத் தேதியும் எண்ணிக்கையுமாக இலவசமாகவே பார்க்கலாம். நீ சந்தேகப்படும் பத்துக் கார்டை எழுதி வைத்துக்கொண்டு வியாழன் இரவு ஒரு முறை பார். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது, நான் புதுப்பிக்கப் போவதில்லை.