பேரலல் குவெரி ஓடுகிறதா? ஷோ, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ், ஆட்டோ எக்ஸ்பிளெய்ன்

தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலைகளில் கணக்கு சர்வருக்கும் அறுவடைக் காலம்தான். மூட்டை, எடை, ஈரப்பதம், வண்டி எண் என்று நிறைந்த வரத்து டேபிளில் சீசன் மொத்தம் கேட்டால் திரை அப்படியே நிற்கும். "பேரலல் போட்டாச்சே, அப்புறம் ஏன்?" என்று கேட்பார்கள். பேரலல் என்றால் ஒரே குவெரியைப் பல ஒர்க்கர்கள், அதாவது துணைப் புராசஸ்கள், பங்கிட்டு ஓட்டுவது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அது நிஜமாகவே ஓடுகிறதா என்று சோதிக்க எந்த வழி நம்பகமானது என்று பார்ப்போம்.

பலரும் முதலில் அடிப்பது ஷோ கட்டளை. ஒரு குவெரியின் கேதர் படிக்கு (ஒர்க்கர்களின் முடிவுகளைச் சேர்க்கும் படி) எத்தனை ஒர்க்கர் வரை எடுக்கலாம் என்ற செட்டிங்கை அது சொல்லும். 9.6 பதிப்பில் இந்தச் செட்டிங்கின் இயல்பு மதிப்பு 0, 10-லிருந்து 2. ஆனால் தெரிவது உங்கள் செஷனின் மதிப்பு மட்டுமே. ஆலையின் மென்பொருள் வேறு யூசரில் நுழைந்து, அந்த யூசருக்குத் தனி மதிப்பு இருந்தால் ஷோவில் பார்த்தது பயன்படாது. அதைவிட பிஜி செட்டிங்ஸ் என்ற வியூ மேல். மதிப்பு எங்கிருந்து வந்தது, ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறதா என்பதையும் காட்டும். பேரலல் ஒர்க்கர் வரம்பை 16 ஆக்கிவிட்டு, மொத்த ஒர்க்கர் புராசஸ் வரம்பை இயல்பான 8-லேயே விட்டால் 8-ஐத் தாண்டாது. அதை உயர்த்த ரீஸ்டார்ட் வேண்டும்.

சரி, இதெல்லாம் மேட்டூரில் ஷட்டர் திறந்த செய்தி. வேதாரண்யம் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதை, குவெரியை ஓட்டிப் பார்த்து அதன் பிளானைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்தான் சொல்லும். திட்டமிட்ட ஒர்க்கர் எத்தனை, கிளம்பிய ஒர்க்கர் எத்தனை என்று இரண்டு எண்களையும் தரும். திட்டம் 2, கிளம்பியது 0 என்று வந்தால், பெரும்பாலும் பொதுவான ஒர்க்கர் குளத்தை வேறு குவெரிகள் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் இரவில் சும்மா இருக்கும் சர்வரில் சோதிக்காதீர்கள். வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் பாருங்கள். பிளானில் கேதரே வராவிட்டால் டேபிளின் அளவைப் பாருங்கள். இயல்பாக 8 எம்பிக்குக் கீழான டேபிளை, குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர் பேரலலுக்குக் கருதாது. நாமே எழுதிய ஃபங்ஷன் குவெரிக்குள் இருந்தாலும் தடையாகலாம்: எதுவும் குறிக்காவிட்டால் அது பேரலல் அன்சேஃப், அதாவது பேரலலில் ஓட்டக்கூடாதது. இன்னொன்று, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும். அப்டேட், டெலீட் என்றால் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து ரோல்பேக் செய்யுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மென்பொருள் மட்டும் மெதுவாக ஓடலாம். ஜாவா டிரைவரில் ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் தானே உறுதிசெய்வது) அணைத்து ஃபெட்ச் சைஸ் (ஒரு தவணைக்கு எத்தனை வரி) வைத்திருந்தால், முடிவு தவணை தவணையாகக் கேட்கப்படுகிறது. அப்போது பேரலல் பிளான் இருந்தும் ஒர்க்கர் ஒன்றுகூடக் கிளம்பாது. கையால் ஓட்டிய எக்ஸ்பிளெய்னில் இது தெரியவே தெரியாது. இங்கேதான் ஆட்டோ எக்ஸ்பிளெய்ன் என்ற மாட்யூல் ஜெயிக்கிறது. அனலைஸ் வசதியை இயக்கினால், மென்பொருள் அனுப்பிய அதே குவெரி எப்படி ஓடியது என்று லாகில் பதியும். என் ஓட்டு இதற்கே. சுமை உண்டு, அதனால் நேர அளவீட்டை அணைத்து, சந்தேகம் தீரும்வரை மட்டும் வையுங்கள்.

18-ம் பதிப்பில் இருப்பவர்கள் முதலில் பிஜி ஸ்டாட் டேட்டாபேஸ் என்ற வியூவைப் பார்க்கலாம். கிளப்ப நினைத்த ஒர்க்கர், கிளம்பிய ஒர்க்கர் இரண்டின் கூட்டுத்தொகையும் அங்கே இருக்கிறது. இடைவெளி பெரிதானால் ஆட்டோ எக்ஸ்பிளெய்னை இயக்குங்கள்.