ஒரு பிக்கப், நான்கு கம்பி: வன்னி மேடைகளுக்கு ஏற்ற பேஸ் கிற்றார்

கோவில் திருவிழா, தேவாலயம், கல்யாணவீடு, பாடசாலை விழா என்று வன்னியில் மேடைக்கு மேடை ஏறி இறங்கப் போகிறவர் எந்த பேஸ் கிற்றாரை வாங்கலாம் என்று புதிதாகத் தொடங்கும் தம்பிமார் கேட்பதுண்டு. ஒரே ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச்சுருள்), இரண்டு குமிழ், பற்றரி வேண்டாத வயரிங். இதுதான் என் பதில். 2016 இல் இப்படி ஒன்றை வாங்கி இன்றுவரை அதையே வாசிக்கிறேன். இடையில் நண்பர்களின் ஐந்து கம்பி, இரட்டைப் பிக்கப், பற்றரி போட்ட வகைகளையும் இரவல் வாங்கி மேடையில் வாசித்திருக்கிறேன். வீட்டில் அவை எல்லாம் அருமையாகத்தான் கேட்டன. வெளியே கொண்டுபோனதும் கதை வேறு.

என்னுடையது பி-பேஸ் அமைப்பில் செய்த ஒரு நகல். தலையில் கம்பனிப் பெயர் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வெளிநாடு போகவிருந்த ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது அவற்றோடு சேர்ந்து கைமாறியது. அமைப்பு பழையது. அமெரிக்காவில் கிற்றார் செய்த லியோ பெண்டர் 1951 இல் ‘பிரிசிஷன்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தார், அதன் சுருக்கம்தான் ‘பி’. ஆளுயர டபிள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அதற்குப் பிறகு பிரெற் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) போட்ட பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். 1957 இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். இன்று விற்கும் நகல்களில் பெரும்பாலானவை அந்த 1957 உருவத்தைத்தான் பின்பற்றுகின்றன. கம்பியின் நீளம் 34 அங்குலம், எடை ஏறத்தாழ நான்கு கிலோ.

அந்த இரண்டு துண்டுப் பிக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் நிகழ்ச்சிகள் பல வயல்வெளிக் கோவில்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் நடப்பவை. கரண்ட் ஜெனரேற்றரிலிருந்து வரும். எர்த் கம்பியை யாராவது அடித்திருப்பார்கள், அல்லது அடிக்கவில்லை. சோளகக் காலத்தில் மண் கல்லாய்க் காய்ந்து கிடக்கும்போது அடித்தாலும் எர்த் சரியாக எடுக்காது. இந்த நிலையில் சாதாரணத் தனிச்சுருள் பிக்கப் உள்ள கிற்றாரைச் செருகினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் தொடங்கும். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியின் மூன்றாம் பிரெற்றில் வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். ஆகவே அந்த இரைச்சல் நாங்கள் வாசிக்கும் சுரங்களுக்கு நடுவிலேயே வந்து குந்திக்கொள்ளும். மேடை லைற்றுகளை ஒரேயடியாகப் போட்டதும் ஜெனரேற்றர் திணறும். அப்போது இரைச்சலின் சுருதியும் இறங்கும். நாம் ஜி வாசித்தால் இரண்டும் உரசி அலையலையாகக் கேட்கும். பாடுகிறவர் சுருதி பிடிக்க முடியாமல் திரும்பிப் பார்ப்பார்.

பி-பேஸின் பிக்கப்பில் இரு துண்டுகளிலும் செப்புக் கம்பியை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, காந்தங்களையும் மாற்றி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு துண்டில் ஏறும்போது மற்றதில் இறங்குவதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பியின் அதிர்வு மட்டும் முழுதாக வெளியே போகும். இரட்டைப் பிக்கப் உள்ள ஜாஸ் வகையிலும் இந்தப் பலன் உண்டு, ஆனால் இரண்டு குமிழையும் ஒரே அளவில் திறந்து வைத்தால்தான். ஒன்றைக் குறைத்ததும் இரைச்சல் திரும்பிவிடும். இருட்டில், பாட்டுக்கு நடுவில், யார் அதைக் கவனித்துக்கொண்டு நிற்பது?

ஆனால் ஒரு விசயத்தில் எந்தப் பிக்கப்பும் உங்களைக் காப்பாற்றாது. கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால், எங்கேயோ எர்த் பிழைத்திருக்கிறது. உடனே கிற்றாரைக் கழற்றுங்கள். சவுண்ட்காரர் வந்து சரிபார்க்கும்வரை மேடையில் எதையும் தொட வேண்டாம். சனம் காத்திருந்தால் காத்திருக்கட்டும். தம்பிமாரிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

பற்றரி விசயமும் இதே போலத்தான். உள்ளே ஒன்பது வோல்ட் பற்றரி உள்ள கிற்றாரில் வயரைச் செருகியதுமே பற்றரி வேலை செய்யத் தொடங்கும். பற்றரி ஏற்கெனவே தளர்ந்திருந்து, மாலையில் சவுண்ட் பார்த்துவிட்டு வயரைக் கழற்றாமலும் வைத்தால், பூசை முடிந்து நடுச்சாமத்தில் நிகழ்ச்சி தொடங்கும்போது சத்தம் கரகரத்து அடங்கிவிடும். என் நண்பர் ஒருவருக்கு முத்தையன்கட்டுப் பக்கம் இப்படி நடந்தது. அந்த நேரத்தில் பற்றரி வாங்க எந்தக் கடை திறந்திருக்கும்?

அடுத்தது கழுத்து. மரம் என்பதால் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப அது அசையும். சோளகம் வீசும் மாதங்களில் என் கிற்றாரின் கழுத்து நேராகி, கம்பிகள் பிரெற்றில் பட்டுக் கிணுகிணுக்கும். ஐப்பசியில் வாடை திரும்பி மாரி பிடித்ததும் கழுத்து முன்னுக்கு வளைந்து கம்பிகள் உயர்ந்துவிடும், விரல் நோகும். நத்தார் கரோல் காலம் மாரியின் உச்சத்தில் வருவதால், கார்த்திகைக் கடைசியில் நான் இதைப் பார்க்காமல் விடுவதில்லை. ஈ கம்பியை முதலாம் பிரெற்றில் ஒரு கையாலும் கடைசிப் பிரெற்றில் மறு கையாலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் பிரெற்றுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு விசிற்றிங் கார்ட் உரசாமல் நுழைந்தால் சரி. கார்ட் தாராளமாக ஆடினால், கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கோலை ஆறுமூலைச் சாவியால் கால் சுற்று இறுக்குவேன். பிறகு ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் மறுபடி பார்ப்பேன். மரம் உடனே அசையாது. அவசரப்பட்டு முழுச் சுற்று இறுக்கினால் கோல் முறியும், அதற்குப் பிறகு அந்தக் கழுத்தை விறகுக்குத்தான் போடலாம்.

கம்பி விலை 2022 இல் கையைச் சுட்டது. டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போன ஆண்டு அது. அந்த மாதங்களில் பேஸ் வாசித்த நாங்கள் எல்லோரும் கம்பியை அவித்தோம். கழற்றிய கம்பிகளை வட்டமாகச் சுற்றி, கொதிதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, துடைத்து வெயிலில் காயவைத்தால், சுற்றுகளுக்குள் அடைந்த வியர்வையும் அழுக்கும் கழன்று பழைய பளிச்சென்ற சத்தம் திரும்பும். கொஞ்சக் காலம்தான் நிற்கும், அதற்குள் இரண்டு மூன்று நிகழ்ச்சி ஓடிவிடும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் வாசிப்பவர்களுக்கு உப்புக் காற்றில் கம்பி இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பிறகு நான் தட்டைச் சுற்றுக் கம்பிக்கு மாறிவிட்டேன். வாங்கும்போது விலை கூட, ஆனால் வருடக்கணக்கில் இருக்கும். மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் அழுக்கு அடையாது, விரல் வழுக்கும் கீச்சுச் சத்தமும் இல்லை. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியின் ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ஆம் ஆண்டுப் பி-பேஸில் இந்தத் தட்டைக் கம்பிகளைப் போட்டு, வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே அத்தனையையும் வாசித்தார். கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டாராம். பாட்டுக்கு அடியில் ‘தும்’ என்று உருண்டு நிற்கும் அந்தச் சத்தம் பழைய தமிழ்ப் பாட்டுகளுக்கும் அச்சொட்டாகப் பொருந்தும்.

பாட்டு என்றதும் இளையராஜாவைச் சொல்லாமல் முடியாது. அவர் பேஸுக்கும் சுரம் எழுதிக் கொடுப்பவர். அவரது குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்கள் எங்களுக்கெல்லாம் வீட்டிலிருந்த வாத்தியார். அந்த வரிகள் பாடுகிறவரின் மெட்டுக்குப் பின்னால் நிற்காமல் தாங்களே இன்னொரு மெட்டாகப் போகும். அவற்றை வாசிக்க நான்கு கம்பியும் நல்ல கழுத்தும் போதும். நிகழ்ச்சி முடிகிற நேரம் பெடியள் பைலா கேட்பார்கள். திஸ்ர நடையில் ஓடும் அந்தத் தாளத்துக்குத் தட்டைக் கம்பி கொஞ்சம் மந்தம்தான், குமிழை முழுதாகத் திறந்து சமாளிக்கலாம்.

ஒரு கோவிலில் எங்களுக்கு முன்னர் வாசித்து முடித்த தவில்கார ஐயா, மேடைக்குக் கீழே கதிரை போட்டு எங்கள் நிகழ்ச்சி முழுவதையும் கேட்டார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இது வலந்தலை இல்லாத தவில், தொப்பி மட்டும்தான் இருக்கு” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கோ அது பெரிய பாராட்டு. தவிலில் கழியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் ஆழ்ந்த நாதம்தான் வலந்தலையின் விரல் வேகத்துக்குத் தரை போட்டுக் கொடுப்பது. பேஸ் என்ன செய்கிறது என்று நான் யாருக்கும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இப்போது எங்கள் குழுவில் என் கிற்றாருக்குப் பெயரே தொப்பிதான். “தொப்பியை ஏத்தியாச்சோ?” என்று கேட்டுவிட்டுத்தான் பட்டா லொறியை எடுப்பார்கள்.

இனி வெளியே கேட்கும் சத்தம். பேஸின் ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ். கோவில் மரங்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குக் கிட்டவும் போகாது. அப்படியிருந்தும் வீதியில் நிற்பவருக்கு பேஸ் கேட்கிறதே என்றால், ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து வருகின்றன. மேலே உள்ளவற்றைக் கேட்டுவிட்டு அடியில் இல்லாததை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் இப்படியான இடங்களில் அடிச்சத்தத்தைக் கூட்டச் சொல்லி சவுண்ட்காரரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. நடுச்சத்தத்தைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள், தூரத்திலும் தெளிவாகக் கேட்கும்.

இதற்கு ஒரு டி.ஐ. பெட்டி கட்டாயம் வேண்டும். பற்றரி இல்லாத கிற்றாரை நேரே மிக்சரில் செருகினால் சத்தம் மெலிந்து மங்கிவிடும், மேடையிலிருந்து மிக்சர்வரை போகும் நீண்ட வயரும் வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு போகும். டி.ஐ. பெட்டி சைகையை மைக் வயரில் போகக்கூடியதாக மாற்றிக் கொடுக்கும். அதில் மைக் வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் இருக்கும், ஜெனரேற்றர் இரைச்சலில் பாதி அதைத் தட்டியதுமே ஓடிவிடும். சொந்தமாக அம்ப் வாங்கும் காசை நான் இதற்கும் ஒரு நல்ல வயருக்கும் அகலமான தோள்வாருக்கும்தான் செலவழித்தேன். மோட்டார் சைக்கிளில் அம்பையும் கிற்றாரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிறவல் வீதியில் போகவும் முடியாது. இரவில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து திரும்பும்போது வீதியில் யானை நின்றால் சட்டென்று நிறுத்தித் திருப்ப வேண்டும், முதுகில் பை மட்டும் இருப்பதுதான் பாதுகாப்பு.

பழுது என்று வந்தது ஒன்றுதான். வயர் செருகும் ஜக்கின் நட்டு தளர்ந்து, ஜக் சுற்றிச் சுற்றி உள்ளே எர்த் வயர் அறுந்துவிட்டது. கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் ஒரு அண்ணை திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினார். உள்ளே இருந்தவை குமிழ்களுக்கு அடியிலுள்ள இரண்டு பொட், ஒரு கப்பாசிற்றர், ஒரு ஜக். “இவ்வளவுதானோ?” என்று கேட்டுக்கொண்டே ஈயம் வைத்து ஒட்டினார். வெடித்திருந்த கப்பாசிற்றருக்கும் தன் லாச்சியிலிருந்த 0.047 மைக்ரோபாரட் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். பற்றரி வகைக்குள் இருக்கும் சின்னச் சேர்க்கிட் பலகை பழுதானால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டிவரும்.

இதில் முடியாதவையும் உண்டு. பாடுகிறவருக்காகச் சுருதியை இறக்கும்போது ஈ-க்குக் கீழே கம்பி இல்லை. ஈ கம்பியை டி வரை தளர்த்திக்கொண்டு ஓட்டலாம். ஐந்து கம்பியில் 31 ஹேர்ட்ஸ்வரை போகலாம் என்றாலும் எங்கள் மேடைப் பெட்டிகளில் அது சத்தமாக வராது, வெறும் காற்றாகத்தான் வரும். பெருவிரலால் அடித்துச் சுண்டும் வாசிப்பு பிடித்தவர்கள் ஜாஸ் வகையைத்தான் எடுக்க வேண்டும். சின்னக் கை உள்ள பிள்ளைகளுக்கு 30 அங்குல வகை நல்லது.

கைமாறும் கிற்றார் பார்க்கப் போனால் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாட்டில் பாருங்கள், முறுகியிருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விடுங்கள். இரும்புக் கோலின் திருகாணி அசைகிறதா என்று கேட்டு அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஜி கம்பியில் ஒவ்வொரு பிரெற்றாக வாசித்து, சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். இந்த அமைப்பில் ஐந்தாம் பிரெற்றிலிருந்து ஏழாம் பிரெற்றுக்குள் ஏதாவது ஓரிடத்தில் சத்தம் சட்டென்று செத்துவிடுவது வழக்கம், அதற்காக விலையைக் குறைக்கலாம், வாங்காமல் விட வேண்டாம். என்னுடையதில் அது ஐந்தாம் பிரெற். நீட்டிப் பிடிக்க வேண்டிய இடங்களில் அதே சி சுரத்தை டி கம்பியின் பத்தாம் பிரெற்றில் எடுத்துக்கொள்கிறேன்.