சித்தியின் மோதிரமும் கோரிமேட்டு வரிசையும்

மூன்று வருடம் கழித்து சிங்கப்பூரிலிருந்து கடலூருக்குப் போனேன். திருப்பாப்புலியூர் வீட்டு வாசலில் நின்ற சித்தியை ஒரு நிமிடம் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். தாடை முன்னே வந்திருந்தது, மூக்கு தடித்திருந்தது, குரலும் கட்டையாகிவிட்டது. தினமும் பார்க்கிற முகம் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கல்யாண மோதிரம் சோப்பு போட்டும் கழலாமல், தட்டானிடம் அறுத்து எடுத்திருக்கிறார்கள். செருப்பு ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போயிருக்கிறது. “வயசானா ஊதத்தானேப்பா செய்யும்” என்றார்.

பக்கத்து கிளினிக்கில் இரண்டு வருடமாக பிரஷருக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை மட்டும்தான். அந்தக் கையை ஒருவரும் பிடித்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் புதுச்சேரி, கோரிமேடு ஜிப்மர். கூட்டம் நிறைய, சாப்பாடும் துணைக்கு ஒரு ஆளும் இல்லாமல் போகாதீர்கள். ஆனால் உள்ளே அந்த இளம் டாக்டர் போட்டோக்களை மேசையில் பரப்பி, சித்தி முகத்தையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்ரோமெகலி என்றார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்.

அந்த ஹார்மோன் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குமாம். அதனால் ஒரு தடவை ரத்தம் எடுத்தால் போதாது. அந்த ஹார்மோன் தூண்டி கல்லீரல் சுரக்கிற, அளவு சட்டென்று மாறாத ஐஜிஎஃப்-1 என்ற பொருளை ரத்தத்தில் பார்த்தார்கள். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு விட்டு விட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் இறங்க வேண்டும். சித்திக்கு இறங்கவே இல்லை. எம்ஆர்ஐயில் கட்டி 14 மில்லிமீட்டர். 10க்கு மேல் போனால் பெரிய கட்டிக் கணக்கு. மேலே பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அது அழுத்தும் என்பதால் கண் பரிசோதனையும் உண்டு: தாடையைத் தாங்கியில் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் புள்ளிகள் பலவற்றுக்கு சித்தியின் விரல் அசையவில்லை.

ட்யூமர் என்றதும் சித்தப்பா முகம் வெளுத்துவிட்டது. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் போலப் பரவாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். முன்பு அடினோமா என்றதை, 2022 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் பிட்யூட்டரி நியூரோ எண்டோகிரைன் ட்யூமர் என்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார்.

மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே ஆபரேஷன். மிச்சம் இருந்தால் 28 நாளுக்கு ஒரு ஊசி. அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்; டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.