தேய்ந்த ஷாஃப்ட்: புதுச் சீல் மட்டும் போதுமா, ஸ்லீவும் வேண்டுமா?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கியர் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தால், உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். புரொப்பல்லரைக் கழற்றி, அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டில் சுற்றிய தங்கூசியை (மீன்பிடி நைலான் இழை) முதலில் எடுங்கள்; தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை அறுப்பது அதுவாகவும் இருக்கலாம்.

சீல் மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஷாஃப்ட் வழுவழுப்பாக இருந்தால் இதுவே போதும். சரி, எப்படித் தெரிந்துகொள்வது? சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளத்தில் நகம் சிக்கினால் புதுச் சீலும் சீக்கிரம் ஒழுகும். அங்கே ஷாஃப்டின் மேல் உறை போல உட்காரும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றுவதுதான் என் தேர்வு. கனம் சுமார் 0.28 மி.மீ. மட்டுமே, பழைய அளவு சீலே பொருந்தும். கோணலாக அடித்தால் வீண், நிதானமாக ஏற்றுங்கள்.

ஷாஃப்ட் வளைந்திருந்தால் இரண்டுமே உதவாது. அப்புறம், ஆயில் ஊற்றுமுன் கியர் பெட்டிக்குள் லேசாகக் காற்றடைத்து, சீல் பக்கம், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.